நகத்தில் தட்டாத கோடுகள்

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்க, நகம் தட்டினா அந்தக் கோடு போகாது, தட்டலீன்னா போயிரும் என்று கார் சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார். இழுத்துப் பார்த்தேன், தட்டவில்லை. கட்டைவிரல் நகத்தால் இன்னொரு தடவை இழுத்தேன், அப்போதும் தட்டவில்லை. ஆகவே இவை போகிற கோடுகள். போகிற கோடுகள் என்று தெரிந்ததும் ஒரு மனிதன் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா, எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, சரி என்று மட்டும் இருந்தது. புதன்கிழமையிலிருந்து எனக்கு எல்லாமே சரி என்றுதான் இருக்கிறது. வீட்டில் பால் திரிந்துவிட்டது, சரி. கடையைத் திறக்கவில்லை, பம்புசெட் வாஷர் கேட்டு யார் யாரோ போன் செய்கிறார்கள், சரி. மாப்பிள்ளை நவநீதன் வெள்ளைத்துணி சுற்றின பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்பாவோடு கோபிக்குப் போனார், தோட்டத்து ஓரத்தில் எல்லாம் முடிந்தது என்று போன் வந்தது, அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். சரிங்க மாப்ளை என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்குள் தாரணியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கூட்டி வந்த மகளைப் பிள்ளை இல்லாமல் கூட்டி வர வேண்டும், இதே காரில்தான் கூட்டி வர வேண்டும், என்னிடம் வேறு கார் கிடையாது. காரின் முன்பக்கத்தில் கியர் கம்பியைச் சுற்றிப் பளபளவென்று கறுப்பாக ஒரு பலகை இருக்கிறதே, பிளாஸ்டிக்தான், அதில் இருக்கின்றன இந்தக் கோடுகள். போன ஞாயிறு தாரணியின் வலது கை வளையல்கள் போட்ட கோடுகள். அவள் வந்து உட்காருவதற்குள் இவை இங்கே இருக்கக் கூடாது.

இந்தக் கறுப்புக்குப் பியானோ பிளாக் என்று பெயர் சொன்னான் ஷோரூம்காரன். பியானோவை நான் கிட்டப்போய்ப் பார்த்ததே கிடையாது, ஆனாலும் தலையாட்டினேன், சாவி வாங்குகிற அவசரத்தில் இருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இதன் குணம் தெரிந்தது. விரல் பட்டால் ரேகை, மூச்சுப் பட்டால் மங்கல், ஜன்னலைத் திறந்தால் தூசி. பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி, எதற்கெடுத்தாலும் முகம் வாடும். நானும் தினம் காலையில் பழைய வேட்டித் துணியை எடுத்து வறட்டு வறட்டென்று துடைத்துக் கொடுத்தேன். அதுதான் தப்பு என்கிறார் கடைக்காரர், தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் தூசியே கீறுமாம். அப்ப பாதிக் கோடு நீங்க போட்டதுதானுங்க என்று சிரித்தார். மீதிப் பாதியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று இதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்தேன். என் மனைவி வசந்தாமணி ஆஸ்பத்திரியில் மகளோடு இருக்கிறாள், வீட்டில் நான் தனியாள். வெள்ளி விளக்குக்கு அவள் திருநீறு போட்டுத் தேய்த்துத்தான் பளிச்சென்று ஆக்குவாள், பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கு ஆவது இதற்கு ஆகாதா என்று சாமி மாடத்திலிருந்து சம்புடத்தோடு எடுத்து வந்து, ஒரு சிட்டிகை வைத்து, துணியால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன். மருதமலைத் திருநீறு. தேய்த்து முடித்துப் பார்த்தால் பலகை முழுக்க மூடுபனி இறங்கின மாதிரி வெளுத்துவிட்டது. கோடுகள் மட்டும் அந்த மூடுபனிக்கு அடியில் அப்படியே இருந்தன. அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை, இதுவே போன மாதமாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன், சம்புடத்தை மூடி மாடத்திலேயே வைத்துவிட்டு, கைகழுவி, சட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவரிடம் திருநீறு என்று சொல்லவில்லை. ஏதோ பவுடர் என்றேன்.

இப்போது எல்லாம் முறைப்படி நடக்கிறது. முதலில் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த துணி, அழுத்தாமல், தூசி மட்டும் எழுந்து வருகிற மாதிரி. இடுக்கில் பெயின்ட் பிரஷ். அதிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது, சந்தனமாகத்தான் இருக்க வேண்டும், அன்றைக்கு அவள் கன்னம் முழுக்கச் சந்தனம்தானே. பிறகு சுற்றிலும் காகித டேப் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் இடுக்கில் போய் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளுமாம். ஒட்டினேன். மூலையில் டேப் நேராக வரவில்லை, பிய்த்து மறுபடி ஒட்டினேன். பாலிஷ் பாசிப்பயறு அளவுக்குத்தான், அதற்குமேல் வேண்டாம் என்றார். மெத்தென்ற புதுத்துணி, விரல் நுனி, சின்னச் சின்ன வட்டம். வட்டம் போடப் போட ஒரு சத்தம் வருகிறது, சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்குகிறவர்கள் புரளுகிற மாதிரி. சத்தம் என்றதும் வளையல் சத்தம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா. போன ஞாயிறு கோபியில் சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல், முன்னூறு பேர் சாப்பாடு, ஐந்து வகைச் சாதம், மணையில் தாரணி. ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் மாட்டிவிட்டுப் போனார்கள். முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது, பச்சையும் சிவப்பும். என் மூத்த மச்சினி, தாரணிக்குப் பெரியம்மா, எல்லாம் தெரிந்தவள், வளையல் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிற குழந்தை அசையும் தெரியுமா என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். தாரணி கையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தோம். வண்டியில் வரும்போதும் அந்தச் சத்தம் என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று அவள் முன்சீட்டில் இருந்தாள், ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடியது, அவள் கையை இந்தப் பலகையில் தட்டிக்கொண்டே வந்தாள். பாட்டுக்குத் தாளம் போடுகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பலகை கீறுமே என்று ஒரு நொடி தோன்றியது, சொல்லவில்லை, அந்தச் சமயத்தில் ஆயிரம் பலகை கீறினாலும் எனக்குக் கவலையில்லை.

ஆனால் கோடு விழுந்தது அப்போது அல்ல. கோடு விழுந்தது புளியம்பட்டி தாண்டி. அதை நினைக்க வேண்டாம், துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பு, துடை, டார்ச் அடித்துப் பார். போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கோடுகள் எழுந்து நிற்கின்றன, நேராக அடித்தால் படுத்துக்கொள்கின்றன. மூடுபனி பாதி போயிருக்கிறது. கோடுகள் மெலிந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. நாலரைக்குள் பெண்ணைப் பிறந்த வீட்டு வாசலில் ஏற்றிவிட வேண்டும், இதுதான் கணக்கு. எமகண்டம் கழிந்து புறப்படலாம் என்று உட்கார்ந்தால், சாப்பிட்டு முடித்து, தாம்பூலம் கொடுத்து, கூடைகளை டிக்கியில் ஏற்றி, யாரோ ஒரு கிழவர் வரும்வரை காத்திருந்து, கோபியை விட்டு நகரும்போதே நேரம் ஓடிவிட்டது. சத்தியமங்கலத்தில் முன்னால் ஒரு லாரி. பின்சீட்டிலிருந்து வசந்தாமணி, என்னுங்க நேரமாகுதுங்களே, நேரமாகுதுங்களே என்று. ஆக்ஸிலேட்டரை மெரித்தேன். வண்டியும் போனது, நல்ல வண்டி. புளியம்பட்டி தாண்டி ஒரு புளிய மரத்து நிழலில் வேகத்தடை, வெள்ளைக்கோடு கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது, நிழலும் தடையும் ஒரே நிறம். கண்ணில் பட்டபோது மேலே ஏறியாகிவிட்டது. வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் தேங்காய்க் கூடை சரிந்தது, வசந்தாமணியின் தலை கூரையில் இடித்தது, தாரணி அம்மா என்று ஒரு சத்தம் போட்டு இந்தப் பலகையை வளையல் கையோடு சேர்த்துப் பிடித்தாள். ஒன்றுமில்லையே கண்ணு என்றேன். ஒண்ணுமில்லீங்கப்பா என்றாள். அதன்பிறகு கொஞ்ச தூரம் நான் மெதுவாகப் போனேன், பிறகு மறுபடியும் வேகமாகப் போனேன். நாலரைக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்றோம். ஆரத்தி எடுத்தார்கள். வாட்சைப் பார்த்து எனக்கு என்ன ஒரு பெருமை. புதன்கிழமை மத்தியானம் அவள் அசைவே இல்லை என்றாள், ஸ்கேன் எடுத்தார்கள், துடிப்பு இல்லை என்றார்கள், வெள்ளிக்கிழமை விடியும்போது குழந்தையை எடுத்தார்கள். இதற்கும் அதற்கும் நடுவே அந்த வேகத்தடை. நான் எப்படிச் சுற்றி வந்தாலும் அதன்மேல்தான் ஏறுகிறேன்.

தாரணி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. நேற்றுச் சாயந்தரம் கட்டிலில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே ஸ்டூலில். மின்விசிறி சுற்றியது. அவள் தலை நிமிர்ந்தபோதெல்லாம் வரப்போகிறது என்று நினைத்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வார்த்தைகூடத் தெரியும், மெதுவா வந்திருக்கக் கூடாதுங்களாப்பா. அவ்வளவுதான், அவள் கத்துகிற பெண் இல்லை, சத்தமில்லாமல் அந்த ஒன்றைக் கேட்பாள், கேட்டுவிட்டால் அதன்பிறகு நான் எங்கே போய் உட்காருவேன். அது வந்துவிடக் கூடாது. வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் துணியும் டேப்பும் பாசிப்பயறு அளவும் என்று யாராவது சொன்னால் நான் இல்லை என்பேன். மகள் மனது நோகக் கூடாது, வளையல் கோட்டைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது, அதனால்தான் என்பேன். அதுவும் உண்மைதான். பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் இதைப் பார்த்தால் அந்த இடம் ஞாபகம் வரும், அந்த இடம் ஞாபகம் வந்தால் கேட்பாள். நான் பயந்துகொண்டு தேய்க்கிறேன். பயம் மட்டும் எனக்கு மரத்துப்போகவில்லை, பாருங்கள், மற்றதெல்லாம் மரத்துவிட்டது.

"என்னுங்க சென்னியப்பன், வண்டிய விக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாலதண்டாயுதம் வந்தார். இரண்டாம் மாடி, எங்கள் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர், ஞாயிற்றுக்கிழமையானால் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு சுற்று வந்து யார் கோட்டைத் தாண்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். இல்லீங்க, சும்மா என்றேன். குனிந்து பார்த்தார். "இதுக்குப் போயி பாலிஷுங்களா? பேஸ்ட்டு, பல்லு வெளக்கற வெள்ளப் பேஸ்ட்டு, அதை வெச்சுத் தேய்ங்க. வீடியோவுல பார்த்தனுங்க." சரிங்க என்றேன். திருநீறு வைத்தவனுக்குப் பேஸ்ட் எம்மாத்திரம். அவர் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், முகம் மலர்ந்தது. "அட, கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. அம்மிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதா வாட்ச்மேன் சொன்னான். பேரனுங்களா, பேத்தியுங்களா?" நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கே தெரியாது. நான் கேட்கவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை, குழந்தை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், டாக்டரம்மாவும் மாப்பிள்ளையும் வசந்தாமணியும், வெள்ளைத்துணிக்குள் நான் பார்க்கவில்லை, பார்க்கிறீங்களா என்று நர்ஸ் கேட்டபோது கையை மட்டும் ஆட்டினேன். "தெரியலீங்க" என்றேன். "ஓ, இன்னும் ஆகலியா! சரி சரி, நல்லபடியா ஆகட்டும். ஸ்வீட்டு எனக்கு மைசூர்பாக்குதான், சொல்லிட்டேன்." முதுகில் தட்டிவிட்டுப் போனார். நல்லவர்தான். நாளைக்குத் தெரிந்து சங்கடப்படுவார். அவர் போய் லிஃப்ட் கதவு மூடின பிறகும் நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன், பேரனா பேத்தியா, யாரிடம் போய் இப்போது கேட்பது, கேட்டால் இத்தனை நாள் தெரியாதா என்பார்களே என்று அதையே நினைத்துக்கொண்டு. பாலிஷ் காய்ந்துவிட்டது. காய விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். மறுபடி ஈரத்துணி.

இரண்டாம் தடவை. பாசிப்பயறு அளவு. புதன்கிழமை டாக்டரம்மா என்னையும் வசந்தாமணியையும் உட்காரவைத்துக் கேட்டார்கள், நாலஞ்சு நாளுக்குள்ள விழுந்தாங்களா, அடி கிடி ஏதாவது பட்டுச்சா, வண்டியில வந்தாங்களா. வண்டியிலதானுங்க வந்தோம் என்றேன் நான். வேகத்தடையைச் சொல்ல என் வாய் வரவில்லை. வசந்தாமணி உடனே சொன்னாள், அடியெல்லாம் ஒண்ணும் படலீங்க டாக்டர், பூ மாதிரி கூட்டிட்டு வந்தோம் என்று. அவள் தலையில் அன்றைக்கு வீங்கின வீக்கம் அப்போதும் வடியவில்லை. அதன்மேல் முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். என்னைக் காப்பாற்றவா, அல்லது நேரமாகுது நேரமாகுது என்று சொன்ன தன்னைக் காப்பாற்றவா, அவளுக்கே தெரியுமோ என்னவோ. சில சமயம் காரணமே தெரியாதுங்க என்று டாக்டரம்மா சொன்னார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்குப் படி இறங்கினேன். பிரசவ அறைக்குப் போகுமுன் வளையல்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பெற்றதும் அந்த வளையல்களைப் பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பக்கம் வழக்கம். வசந்தாமணி அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் வார்டு ஆயாவிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாஞ் சாமி, நீங்களே வெச்சுக்கங்க என்றாளாம். பிறகு வராந்தாவில் என் எதிரே நின்று வசந்தாமணி கேட்டாள், "ஏனுங்க, இதை இப்ப யாருக்குங்க குடுக்கறது?" அழுதபடிகூட இல்லை, கடையில் மிச்சம் விழுந்த சாமானைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

துடைத்தேன். டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். ஒன்றுமில்லை. நேராக அடித்தேன், பக்கவாட்டில் அடித்தேன், சீட்டில் முழங்கால் போட்டு அவள் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மூடுபனியும் இல்லை, கோடும் இல்லை, கறுப்பு மட்டும், அதில் டார்ச் வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பின்னால் சவரம் செய்யாத ஒரு முகம். ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இருந்ததா என்று தெரியாது. டேப்பை உரித்தேன், மெதுவாக, பசை நிற்காமல். உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின்சீட்டில் தலையணையும் போர்வையும் வைத்தேன். பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் இந்தப் பக்கம் பார்க்கவே வேண்டியிருக்காது, படுத்துக்கொண்டே வந்துவிடலாம். பிறகு குளித்தேன், சட்டை மாற்றினேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினேன். ரோட்டில் வெயில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிரியாணிக் கடை வாசல்களில். எல்லா வேகத்தடையிலும் நின்று, பின்னால் வருகிறவன் திட்டத் திட்ட, மாட்டு வண்டி மாதிரி போனேன். வசந்தாமணியும் தாரணியும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார்கள். தாரணி வயிறு இன்னும் பெரிதாகத்தான் இருந்தது, யாராவது பார்த்தால் இனிமேல்தான் என்று நினைப்பார்கள். பின்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் அதைப் பார்த்தாள், முன்கதவைத் தானே திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்தாள். பால் கட்டாமல் இருக்க எழுதிக் கொடுத்த மாத்திரை ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இல்லையாம், வழியில் ஒரு கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, வசந்தாமணி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கடையில் கூட்டம். நானும் தாரணியும் காரில்.

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து ஒரு தடவை தடவினாள். அந்த விரல் போன இடத்தில் ரேகை விழுந்தது. "இங்க கோடு இருந்துச்சுங்களேப்பா" என்றாள். தொடச்சுட்டேன் கண்ணு என்றேன். "எல்லாத்தையுமா?" ம் என்றேன். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது, காலையெல்லாம் தேய்த்தும் வந்துவிட்டது, அடுத்த வார்த்தை அதுதான். "அது நான் போட்டதுங்கப்பா" என்றாள். தெரியும் கண்ணு, வண்டி தூக்கிப் போட்டப்பப் புடிச்சியல்ல என்று நானே முந்திக்கொண்டேன், பல்லைப் பிடுங்கப்போகிறவர் முன்னால் தானே வாயைத் திறக்கிற மாதிரி. அவள் தலையை ஆட்டினாள். "அப்ப இல்லீங்கப்பா. அதுக்கு முன்னாலயே. வழி பூரா தட்டிட்டு வந்தேன்." பாட்டுக்குத்தானே என்றேன். "பாட்டெல்லாம் எனக்குக் கேக்கவே இல்லீங்கப்பா. சனிக்கிழமை ராத்திரியே அசைவு கம்மியாத்தான் இருந்துச்சு. மணையில உக்காந்தப்பச் சுத்தமா இல்ல. வளையல் சத்தம் கேட்டா அசையும்னு பெரியம்மா சொன்னாங்கல்ல, கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கார்ல இதுல தட்டித் தட்டிப் பார்த்தேன். எந்திரிக்கவே இல்லீங்கப்பா." கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். "நீங்கெல்லாம் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. அன்னைக்குப் போயி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு. அன்னைக்கே வாயத் திறந்திருந்தா..." பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை நான் மறைக்கப் போவதில்லை, நிம்மதிதான் வந்தது, புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்து போனது, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது, நான் இல்லை, வேகத்தடை இல்லை, ராகு காலம் இல்லை, நான் இல்லை. அப்படி ஒரு மூச்சு விட்டேன். விட்டுக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், வளையல் இல்லாமல், சந்தனம் போட்ட மஞ்சள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது, என்னிடமிருந்து இறங்கிப் போனது நேரே அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தது. அங்கேதான் அது நான்கு நாளாக இருந்திருக்கிறது. இருபத்தெட்டு வயது. இன்னும் எத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு இருப்பாள். "இல்ல கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே அதட்டல் மாதிரி கேட்டது. "அது தூங்கியிருக்கும். ஒம்பதாம் மாசம் எடம் பத்தாது, அசைவு கொறையும், டாக்டரம்மாவே சொன்னாங்க." டாக்டரம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "நான் தனியாப் போயி கேட்டேன். புளியம்பட்டி தாண்டி வண்டி தூக்கிப் போட்டுச்சல்ல, அதுலதான்னுட்டாங்க. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சாம்." அவள் மெல்லத் திரும்பினாள். "அடி ஒண்ணும் படலைன்னு டாக்டர்கிட்டச் சொன்னதா அம்மா சொன்னாங்களே." "உங்கம்மா என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னா. அவ தலையத் தொட்டுப் பாரு, இன்னும் வீங்கித்தான் இருக்குது. ராகு காலத்துக்கு முந்தி வந்து சேரோணும்னு நான்தான் மெரிச்சுட்டு வந்தேன். ரோட்டைப் பார்க்கல." அவள் யோசித்தாள். அவள் கண்ணுக்குள் ஏதோ எழுந்து உட்காருவதை நான் பார்த்தேன். "அப்ப நான் அன்னைக்கே சொல்லியிருந்தாலும்..." "சொல்லியிருந்தா கோபியிலயே காட்டியிருப்போம், நல்லாருக்குதுன்னு அனுப்பியிருப்பாங்க, நான் அதே ரோட்டுல அதே மாதிரிதான் ஓட்டியிருப்பேன். உன் மேல தப்பு ஒண்ணுமில்ல சாமி." கடைக்குள் வசந்தாமணி மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி என் முகத்தையே பார்த்தாள், பிறந்ததிலிருந்து அவளிடம் நான் பார்க்காத ஒரு கோபம் மெதுவாக அந்த முகத்தில் ஏறியது.

"மெதுவா வந்திருக்கக் கூடாதுங்களாப்பா?" என்றாள்.

"வந்திருக்கோணும் கண்ணு" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள்.